ஆசான் ஓய்வுபெற்ற பிறகு பால் ஏன் கெட்டது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் மார்த்தாண்டத்தைச் சேர்ந்த சிறுதொழில் முதலாளி ஒருவர் எழுதியிருந்தார். அறிவு மேலாண்மைக்கு, அதாவது வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்ததைச் சேர்த்துவைத்து மற்றவர்களுக்கும் கொடுப்பதற்கு, என்று ஒரு மென்பொருள் வாங்கிப்போட்டு, எல்லோருக்கும் பயிற்சியும் கொடுத்தாராம். ஆறு மாதமாகியும் அதில் யாரும் எதையும் எழுதுவதில்லையாம். 'நம் ஊர்த் தொழிலாளிக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் கிடையாது' என்று கடிதத்தை முடித்திருந்தார். அந்தக் கடைசி வரியைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. ஏனென்றால் அதே வரியை நானும் ஒரு காலத்தில், ஏறக்குறைய அதே வார்த்தைகளில், எங்கள் மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன். அது தப்பு என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. அவருக்கு அத்தனை நாள் ஆகக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலில் பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு 1985-ல் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் பால் ஆலையில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். 2022-ல் ஆய்வகப் பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். ஆலையின் பெயர் வேண்டாம். அங்கே நடந்தது எங்கும் நடப்பதுதான்.

ரப்பர் தோட்டம் பார்த்திராத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் மரத்தின் பட்டையை வெட்டி, சிரட்டையிலிருந்து வாளிக்கு ஊற்றி எடுக்கிற பாலில் 100-க்கு 30 முதல் 40 பங்குதான் ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அது உறையாமல் இருக்க அமோனியா சேர்த்து ஆலைக்குக் கொண்டுவருவார்கள். நாங்கள் அதை நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் சுழலும் மெஷினில் விட்டு, 60 பங்கு ரப்பர் உள்ள கெட்டிப்பாலாகப் பிரித்து, கையுறை செய்கிறவர்களுக்கு டிரம்மில் அடைத்து அனுப்புவோம். மெஷினில் விடுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. பாலில் இருக்கும் மெக்னீசியம் தொந்தரவு கொடுக்கும். அதைப் பிரிக்க டிஏபி கரைத்து ஊற்றுவோம், வயலுக்குப் போடுகிற அதே டிஏபிதான். இரவு முழுக்கத் தொட்டியில் வைத்தால் மெக்னீசியம் மண்டியாக அடியில் தங்கும். தங்கியதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சரியாகத் தங்காத பாலை ஓட்டினால் மெஷினின் உள்தட்டுகள் அடைத்துக்கொள்ளும், பாலின் தரமும் போகும்.

எங்கள் ஆலையில் அதைச் சொல்கிறவர் ஒரே ஒருவர்தான். ஆசான் என்று கூப்பிடுவோம். அவருடைய அப்பா வர்ம ஆசான், உடம்பின் வர்ம இடங்களை அழுத்தி வைத்தியம் செய்கிறவர். அந்தப் பட்டம் மகனுக்கும் ஆலைக்குள் வந்து ஒட்டிக்கொண்டது. காலையில் வந்ததும் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து, விழுகிற பாலைக் கையில் ஏந்தி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பார். மூக்கருகே கொண்டுபோவார். 'இது இண்ணைக்கு வேண்டாம்' என்பார். அன்றைக்கு அந்தத் தொட்டி ஓடாது. நாங்கள் ஆய்வகத்தில் அளவெடுத்து எண்ணைச் சொல்வதற்கு முன்பே அவர் முடிவு சொல்லியிருப்பார்.

2008-ல் அவர் ஓய்வு பெற்றார். பொன்னாடை போட்டோம். சுவர்க்கடிகாரம் கொடுத்தோம். 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று நானே மைக்கில் பேசினேன். மனதாரத்தான் பேசினேன். ஆனால் அவருக்கு என்ன தெரியும் என்று அந்த மேடையிலும் சரி, அதற்கு முந்தின 23 வருடத்திலும் சரி, நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மூன்று மாதத்துக்குள் தொந்தரவு ஆரம்பித்தது. நான்கு மணி நேரம் ஓடவேண்டிய மெஷின் இரண்டு மணி நேரத்தில் அடைத்துக்கொண்டது. கழற்றிக் கழுவி மாட்டுவதிலேயே ஷிப்ட் போனது. அந்த மழைக்காலத்தில் 22 டிரம் பால் திரும்பி வந்தது. ஒரு டிரம்முக்கு 205 கிலோ என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்போதுதான் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, 'எல்லோருக்கும் தெரிந்ததை எழுதி வாங்கு, கம்ப்யூட்டரில் ஏற்று' என்றார். நான்கு பக்கப் படிவம் ஒன்றை நானே தயாரித்தேன். 'உங்கள் பணியில் நீங்கள் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயங்கள் யாவை?' என்பது முதல் கேள்வி. ஒரு படிவத்துக்கு 100 ரூபாய் பரிசு. முதல் மாதம் 61 படிவம் வந்தது. 'இடத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும்', 'கவனமாக வேலை செய்ய வேண்டும்', 'மேலதிகாரி சொல்படி நடக்க வேண்டும்'. இரண்டாம் மாதம் ஏழு. மூன்றாம் மாதம் ஒன்றும் இல்லை. அன்றைக்குத்தான் சொன்னேன், நம் ஆட்களுக்குப் பகிரும் பழக்கம் இல்லை என்று.

2010 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திற்பரப்பு பக்கம் போனபோது ஆசான் வீட்டுக்குப் போனேன். டிரம் திரும்பி வந்த கதையெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. மனசு தாங்காமல், 'இவ்வளவு தெரிந்தும் எங்களுக்கு ஒன்றும் சொல்லித்தராமல் போய்விட்டீர்களே ஆசானே' என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. 'எனக்க கிட்ட ஆரும் கேக்கல்லியே மக்களே' என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, 'கேட்டாலும் வாயால சொல்ல வராது. கூட நிண்ணா காட்டித் தரலாம்' என்றார்.

அவர் வீட்டில் அப்பாவின் பனையோலைச் சுவடிக்கட்டு இருந்தது. எந்த வர்மம் எங்கே இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் விரலை எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்பது ஆசானின் கை சீடனின் கையைப் பிடித்து வைத்தால்தான் வரும் என்றார். அவருக்கு அந்தக் கை வரவில்லை, அதனால் சுவடி கட்டோடு இருக்கிறது. நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் இப்படிக் கட்டு இருக்கிறதோ.

இதே விஷயத்தை ஜப்பானில் ஒரு கம்பெனி பட்டுத் தெரிந்துகொண்டது என்று பிற்பாடு படித்தேன். மட்சுஷிதா நிறுவனம் வீட்டில் ரொட்டி சுடும் மெஷின் செய்யப் பார்த்தது. மாவு சரியாகப் பிசைபடவில்லை. எக்ஸ்ரேகூட எடுத்துப் பார்த்தார்கள், பிடிபடவில்லை. இக்குகோ தனாகா என்ற பெண், ஒசாகாவில் பேர்போன ரொட்டிக்காரர் ஒருவரிடம் போய்க் கூடவே நின்று பிசையக் கற்றார். அவர் மாவை இழுக்கும்போது ஒரு முறுக்கும் கொடுக்கிறார் என்பது அப்படித்தான் கண்ணில் பட்டது. அதை மெஷினுக்குள் கொண்டுவந்து 1987-ல் விற்பனைக்கு விட்டார்கள். அந்த ரொட்டிக்காரரிடம் என் நான்கு பக்கப் படிவத்தைக் கொடுத்திருந்தால் 'மாவை நன்றாகப் பிசைய வேண்டும்' என்றுதான் எழுதித் தந்திருப்பார்.

மேலாளரிடம் பேசி, ஆசானுக்கு நாள் சம்பளம் கொடுத்து வாரத்துக்கு மூன்று நாள் வரவழைத்தோம். இரண்டு மாதம். நானும் இரண்டு ஆபரேட்டர்களும் கூடவே நின்றோம். 'உங்களுக்கு என்ன தெரியும்' என்று கேட்பதை விட்டுவிட்டேன். அவர் கை நிற்கிற இடத்தில், 'இப்போ ஏன் நிறுத்தினீங்க?' என்று மட்டும் கேட்டேன். பதில் கொட்டியது. மண்டி விரலில் வழுவழுவென்று சேறு மாதிரி இருந்தால் இன்னும் தங்கவில்லை, நறநறவென்று பொடிமணல் மாதிரி இருந்தால் தங்கிவிட்டது. மழையில் நனைந்த வெட்டுப்பால் தண்ணீராக வரும், அதற்குத் தனிக் கணக்கு. இலை உதிர்ந்து தளிர் விடும் நேரத்துப் பாலை அவசரப்படுத்தக் கூடாது. எங்களுக்குப் பால் வந்த 14 தோட்டங்களில் மூன்றின் பாலுக்கு ஒரு இரவு போதாது, இரண்டு இரவு வேண்டும்.

அந்த மூன்று தோட்டத்தின் பாலைத் தனியாக எடுத்து மெக்னீசியம் அளந்து பார்த்தேன். மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. எங்கள் ஆய்வகம் அவ்வளவு வருடமும் எல்லாப் பாலையும் கலந்த பிறகே மாதிரி எடுத்ததால் அது கண்ணில் படவே இல்லை. 25 வருடம் படித்த வேலையைச் செய்த எனக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆசான் சொன்னது எல்லாமே சரியாகவும் இல்லை. அமாவாசை அன்று வெட்டிய பால் சீக்கிரம் புளிக்கும் என்பது அவர் நம்பிக்கை. இரண்டு வருடப் பதிவேட்டை எடுத்து நாள் நாளாகப் பார்த்தோம். ஒரு வித்தியாசமும் இல்லை. அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். 'அப்பம் அத எழுதண்டாம்' என்றார். பெரியவர்கள் சொன்னதை அப்படியே எழுதி வைப்பது வேறு, சோதித்து எழுதுவது வேறு. ஜெராக்ஸ் நிறுவனத்தில் மெஷின் பழுதுபார்க்கிறவர்கள் 1990-களில் தங்களுக்குள் குறிப்புகளைச் சேர்த்தபோதும் இதைத்தான் செய்தார்கள். ஒருவர் எழுதிய குறிப்பை அந்த வேலையிலேயே தேர்ந்த சக ஆட்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். எழுதியவர் பெயரும் கூடவே போகும். எங்கள் ஆலையிலும் 100 ரூபாயை நிறுத்திவிட்டுப் பெயரைப் போட ஆரம்பித்தோம். மூன்று தோட்டக் குறிப்பு இன்றைக்கும் 'ஆசான் குறிப்பு' என்றே தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

மார்த்தாண்டத்து நண்பர் இதுவரை படித்துவிட்டு, 'சரி, ஓய்வு பெறுகிறவரோடு நான்கு பேரை நிறுத்திவிட்டால் போதும்' என்று நினைத்துவிடக் கூடாது. அது சுலபமான பாதி. தெரிந்ததைச் சொல்வதற்கு யாரும் தயங்கமாட்டார்கள். தெரியாததையும் தப்பாகப் போனதையும் சொல்வதற்குத்தான் வாய் வராது. ஒரு நிறுவனம் அதிகம் கற்றுக்கொள்ள வேண்டியதும் அங்கேதான்.

ஆசான் வந்துபோன பிறகு, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஷிப்ட் மாறும்போது அரை மணி நேரம் உட்காரலாம் என்று வைத்தோம். அமெரிக்க ராணுவத்தில் 1970-களில் தொடங்கிய ஒரு பழக்கத்தைப் பற்றி மேலாளர் எங்கோ படித்திருந்தார். ஒரு வேலை முடிந்ததும் பதவி வித்தியாசம் பாராமல் எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, அடுத்த தடவை என்ன செய்வது. கேட்க நன்றாக இருந்தது. முதல் நான்கு சனிக்கிழமை எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எப்போதும் 'கரண்ட் போச்சு' என்பதுதான் காரணம்.

ஐந்தாவது சனிக்கிழமை நான் பேசினேன். பல வருடமாக நெஞ்சில் கிடந்த விஷயம். 1997-ல் ஒரு டேங்கர் பால் முழுதும் புளித்துப்போனது. வண்டி தாமதமாக வந்ததால்தான் என்று டிரைவர் மேல் பழி விழுந்தது, அவருக்கு ஒரு மாதச் சம்பளம் பிடித்தார்கள். உண்மையில் பாலில் அமோனியா எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நான் பயன்படுத்திய ஆசிட் பழசு. லேபிளில் இருந்த பலம் அதில் இல்லை. பலம் குறைந்த ஆசிட் அதிகம் செலவாகும், அதனால் அமோனியா போதுமான அளவு இருப்பது போல் கணக்கு காட்டியது. உண்மையில் குறைவாக இருந்தது. இரண்டு நாள் கழித்து ஆசிட்டைச் சோதித்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அந்த டிரைவர் அதற்கப்புறம் வேறு வேலைக்குப் போய்விட்டார். எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லி முடித்தபோது என் குரல் உடைந்துவிட்டது. மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை. 'ஆசிட்டை எத்தனை நாளைக்கு ஒருமுறை சோதிக்கிறோம் இப்போ?' என்று மட்டும் கேட்டார். யாரும் என்னைத் திட்டவில்லை. டிரைவரின் வீட்டைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன், பிடித்த சம்பளத்தை ஆலையிலிருந்து வாங்கிக் கொடுக்கவும் செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை, இரவு ஷிப்ட் ஆபரேட்டர் ஒருவர் தானாக எழுந்து, தூக்கக் கலக்கத்தில் வால்வை மாற்றித் திறந்ததைச் சொன்னார். இரண்டு வால்வுக்கும் ஒரே நிறத்தில் கைப்பிடி என்பதை அன்றைக்குத்தான் கவனித்தோம். 80 ரூபாய் பெயின்ட்டில் அது தீர்ந்தது. அதற்கப்புறம் கூட்டத்தில் 'கரண்ட் போச்சு' அபூர்வமாகிவிட்டது.

இந்த வேலையைத் தலைமையேற்று நடத்துகிறவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். முதலில் தன் தப்பைச் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு மேலே இருப்பவர் தண்டிக்காமல் இருக்க வேண்டும். எங்கள் மேலாளர் முதல் ஒரு வருடம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. அவர் மாற்றலாகிப் போய், புதியவர் வந்து, அந்த அரை மணிக்குச் சம்பளம் கிடையாது என்றார். மூன்றே வாரத்தில் கூட்டம் செத்தது. மறுபடி உயிர்ப்பிக்க எட்டு மாதமானது. தெரிந்ததைச் சொல்வதும் வேலைதான், வேலை நேரத்தில்தான் நடக்க வேண்டும் என்பதில் நான் இன்றைக்கும் பிடிவாதமாக இருக்கிறேன்.

கம்ப்யூட்டரை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. அதற்கான இடம் பிறகுதான் வருகிறது. 2015-க்குப் பிறகு எங்களுக்கு உதவியது வாட்ஸ்அப் குரல் பதிவு. எழுதச் சொன்னால் 'கவனமாக வேலை செய்ய வேண்டும்' என்று எழுதுகிற அதே ஆள், போனை வாய்க்கு நேரே பிடித்தால் அருமையாகச் சொல்கிறார். ரப்பர் ஷீட் பிரிவில் வேலை செய்த பெண்கள்தான் அதிகம் பதிவு செய்தார்கள். அவர்களிடம் இவ்வளவு நாளும் யாரும் படிவம்கூடக் கொடுத்ததில்லை. இன்னொன்று, சுவரில் ஒரு சொற்பட்டியல் மாட்டினோம். ஆய்வகம் மெக்னீசியம் கசடு என்று சொல்வதும் தொட்டியடியில் மண்டி என்று சொல்வதும் ஒன்றுதான் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி. வடமாநிலத் தொழிலாளர்கள் வந்த பிறகு மூன்றாவது வரிசையில் இந்திச் சொல்லும் சேர்ந்தது. பாதிச் சண்டை அந்தப் பட்டியலால் தீர்ந்தது என்றால் நம்புவீர்களா?

ஐஎஸ்ஓ 9001 தரச் சான்றிதழ் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015-ல் திருத்திய அந்தத் தரநிலையில், நிறுவனம் தன் அறிவைக் கண்டறிந்து காக்க வேண்டும் என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். 2018-ல் அறிவு மேலாண்மைக்கென்றே ஐஎஸ்ஓ 30401 வந்தது. தணிக்கைக்கு ஒரு கோப்பு காட்டித் தப்பித்துவிடலாம்தான். ஆனால் கோப்பு தயார் செய்கிற அந்த இரண்டு நாளில், அடுத்த இரண்டு வருடத்தில் யார் யார் ஓய்வு பெறுகிறார்கள், யார் வளைகுடாவுக்கு விசா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதினால் அதைவிடப் பயன்படும். எங்கள் எலக்ட்ரீஷியன் மஸ்கட்டுக்குப் போனபோது பேனல் போர்டில் எந்த ஒயர் எங்கே போகிறது என்பதும் அவரோடு விமானம் ஏறியது.

நம் மாவட்டத்தில் ஆலைகள் மட்டுமா? 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையிலிருந்து ஓடும் கால்வாய்களில் எந்த மடையை எவ்வளவு திறந்தால் கடைமடை வயலுக்கு எப்போது தண்ணீர் எட்டும் என்று மடை பார்க்கும் பழைய லஸ்கர்களுக்குத் தெரியும். குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் படகு எஞ்சின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பிரசவ வார்டில் 30 வருடம் நின்ற செவிலியர்கள் இருக்கிறார்கள். பொன்னாடை போடுவதற்கு இரண்டு வருடம் முன்னால் அவர்கள் பக்கத்தில் ஓர் இளைய ஆளை நிறுத்தும்படி ஒவ்வொரு துறையையும் நீங்கள் உங்கள் நாளிதழில் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆசான் இப்போது இல்லை. போன வருடம் ஆனி மழையில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு எனக்குப் போன் வந்தது. ஆலையில் புதிதாகச் சேர்ந்த பையன், நான் பார்த்ததே இல்லை. 'அம்மா, மூணாம் தொட்டி மண்டி நறநறன்னு இருக்கு, ஆனா மணம் சரியில்ல. ஆசான் பதிவுல மணத்தப் பத்தி ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி சொல்றாரு. எது சரி?' என்றான். இன்றைக்கு ஓட்ட வேண்டாம், மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குக் கொடு, முடிவு வந்ததும் உன் பெயரில் புதுப் பதிவு ஒன்று போடு என்றேன். மத்தியானம் அவன் பதிவு எனக்கும் வந்தது. 40 விநாடி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பொறுப்பாளர் ஒருவர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.